வேலைநாளிலும் ஜார்ஜ் டவுனுக்கு வாருங்கள்: மரபு நடைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில், பழமையான இடங்களை நடந்தே பார்க்கும் மரபு நடைகளை ஒருங்கிணைக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

தலைநகரின் பழைய பகுதியைக் காரிலிருந்தோ பேருந்திலிருந்தோ பார்த்துவிட முடியாது, நடந்துதான் பார்க்க வேண்டும் என்பதைப் பலருக்கும் உணர்த்தியவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். ஜார்ஜ் டவுன் நடைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் நடக்கின்றன. வேலைநாளிலும் நடத்துங்கள் என்பதே நான் கேட்பது.

ஞாயிறு காலைக்கு உரிய நன்மையை நான் மறுக்கவில்லை. பாரிமுனையில், டேர் ஹவுஸ் வளாகத்தில் நிற்கும் எல்லைத் தூணை அன்றுதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே கட்டடம் எழுப்பக் கூடாத திறந்தவெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நடப்பட்ட தூண்களில் எஞ்சியிருப்பது அது ஒன்றே. அரண்மனைக்காரன் தெரு என்று நாம் அழைக்கும் ஆர்மீனியன் தெருவில், 1772இல் எழுந்த ஆர்மீனிய தேவாலயத்தின் முற்றத்தில், உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794இல் இதே ஊரிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இருக்கிறது. இவற்றைப் பார்க்க அமைதி வேண்டும், சரிதான்.

ஆனால் இந்தப் பகுதி நினைவுச் சின்னங்களுக்காக உருவானதன்று. துணி வாங்கி ஏற்றுமதி செய்யவே 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் பெற்றது. கோட்டைக்கு வடக்கே வணிகர்களும், கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளும், கைவினைஞர்களும் குடியேறிய கறுப்பர் பட்டணம், 1746இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்ததைத் தொடர்ந்த ஆண்டுகளில் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த நிலத்தில்தான். மக்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் மீண்டும் ஊரைக் கட்டினார்கள். 1911இல் அதற்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறினாலும், தெருவுக்கு ஒரு தொழில் என்ற ஒழுங்கு பெருமளவு கலையவில்லை. ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் துணி, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. எனக்குத் தெரிந்தவரை இங்கே மிகப் பழைய மரபு இந்த ஒழுங்குதான், ஷட்டர்கள் இறங்கியிருக்கும்போது அது கண்ணில் படுவதே இல்லை.

தேவராஜ முதலி தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இடிபட்ட பழைய பட்டணத்துக் கோயிலுக்கு மாற்றாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோயில்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஞாயிறு நடையில் இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வேலைநாளில் அதே தெருவில், ஆளுயரக் கண்ணாடித் தகட்டை வைக்கோலும் சாக்கும் அணைகொடுத்துக் கைவண்டியில் சாய்த்துக் கட்டி, ஒருவர் முன்னே இழுக்க இன்னொருவர் பக்கவாட்டில் உள்ளங்கையால் தாங்கியபடி வருவார்கள். குறுக்கே வரும் ஸ்கூட்டர்காரர் தானாகவே ஒதுங்கி நிற்பார். இத்தனை குறுகிய தெருவில் இத்தனை பெரிய வணிகம் எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு, எந்த வழிகாட்டியும் இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லிவிட முடியாது.

வேலைநாளில் நாற்பது பேரை அழைத்துச் செல்ல முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். அழைத்துச் செல்லவும் கூடாது. ஏழெட்டுப் பேர் போதும். ஒலிபெருக்கி வேண்டாம். சுமை தூக்குபவர்களுக்கு, சுமையோடு போய்வரும் ஒவ்வொரு தடவையும் கூலி. நாம் வழியில் வட்டமாக நின்று வரலாறு கேட்பது அவர்கள் பிழைப்பில் கை வைப்பதாகும். ஆகவே விளக்கத்தையெல்லாம் கோயில் வாசலிலோ தேவாலய முற்றத்திலோ முன்கூட்டியே முடித்துவிட்டு, கடைத்தெருவில் வரிசையாக, பேசாமல் நடக்கலாம். உழைப்பவரின் முகத்தைப் படமெடுக்கும்முன் அவரிடம் கேட்பது நம் கடமை. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் எடுத்தால் கோபப்படுவதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இதில் அவசரமும் இருக்கிறது. கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசலைக் குறைக்க அது தேவைப்பட்ட மாற்றமாக இருக்கலாம். ஆயினும் அந்தச் சந்தையின் விடியற்காலை எப்படி இருந்தது என்பதை இன்று வயதானவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மத்தியதரைக் கடல் பவழத்தை இறக்குமதி செய்து வைரம் ஏற்றுமதி செய்த யூத வணிகர்கள் வாழ்ந்த பவழக்காரத் தெருவில் அவர்களின் வணிகம் என்றோ முடிந்துபோயிற்று. தெருப் பெயர் மட்டும் நிற்கிறது. காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் அந்த நிலை வருமுன், கல்லாவில் அமர்ந்திருக்கும் மூத்த கடைக்காரர்களைப் பேச வையுங்கள். மாதத்தில் ஒரு நடையிலாவது வழிகாட்டி ஒதுங்கி நின்று, கடைக்காரர் ஒருவருக்கு வசதிப்படும் நேரத்தில் கால் மணி நேரம் அவரைச் சொல்லவிட்டு, ஒப்புதலோடு பதிவு செய்யுங்கள்.

அடுத்த மாத அட்டவணையில் ஒரு புதன்கிழமையைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காலை பதினொரு மணிக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் கூடி, எல்லைத் தூணைப் பார்த்துவிட்டு, ஆண்டர்சன் தெரு வழியாகத் தேவராஜ முதலி தெருவரை போனால் போதும். ஒரே நாளில் எல்லாத் தெருக்களையும் பார்க்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நடைகளில் பங்கேற்கும் ஒருவர்