பயந்த நாயை கேக்கிறவங்களுக்கெல்லாம் குடுக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய் கடிச்சது, பைக்கை துரத்துனதுன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, வரவேண்டிய செய்திதான். கூடவே ஆளாளுக்கு ஒரு நாயை தத்து எடுங்கன்னும் சொல்றாங்க. ஆனா எந்த நாய் எந்த வீட்டுக்கு ஒத்துவரும்ங்கிற பேச்சு மட்டும் வரவே மாட்டேங்குது, அதை பத்திதான் இந்த லெட்டர்.

தக்கலை பக்கம் எங்க வீட்டுல இப்போ ஒரு நாய் இருக்கு, பேரு செவலை. பொட்டை நாய், ரெண்டு வயசு இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நீட்டு மூஞ்சி, ஒட்டுன வயிறு, குச்சி குச்சியா காலு, பாத்தாலே சிப்பிப்பாறைங்கிற வேட்டைநாய் இனத்தோட ரத்தம் கலந்ததுன்னு தெரியும். ஆரல்வாய்மொழி பக்கம் மெயின் ரோட்டோரம் கழுத்துல அறுந்த கயித்தோட ஓடிட்டு கிடந்தத என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் சோறு வச்சு வச்சு பழக்கி பிடிச்சுட்டு வந்தாங்க. கழுத்து புண்ணு ஆறிடுச்சு, தடுப்பூசி போட்டாச்சு, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிஞ்சுது. இனி ஒரு வீடு வேணும், அவ்வளவுதான்னு தோணும், ஆனா மொத்த கஷ்டமும் அங்கதான் இருக்கு.

செவலைக்கு ஓட்டமும் ஜாஸ்தி, பயமும் ஜாஸ்தி. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயலை விரட்டி பிடிக்கிறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளத்த இனம், 1972ல வந்த வனவிலங்கு சட்டத்துக்கு பொறவு வேட்டைக்கு போக முடியாது, ஆனா அந்த ஓட்டம் உடம்புல அப்படியேதான் இருக்கு. காலைல ஒரு தடவை நல்லா ஓட விடலைன்னா மத்தியானம் வரைக்கும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துட்டே இருக்கும். பயத்தை சொல்லணும்னா, குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போய்டும், ஹெல்மெட் போட்ட ஆளு கேட்டு பக்கத்துல நின்னா நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடும், யாராவது தொடப்பத்தை கையில எடுத்தா அன்னைக்கு பூரா வெப்ராளம்தான். வெறும் பயந்த நாய்னா ஒரு மூலையில கிடக்கும், வெறும் துறுதுறு நாய்னா விளையாண்டு ஓஞ்சு தூங்கிடும், ரெண்டும் சேந்த நாய் பயந்தா ஓடும், இந்த இனம் ஓடுனா மனுசன் பிடிக்க முடியாது.

கேட்டு வர்றவங்க எல்லாரும் நல்லவங்கதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒருத்தர் நாகர்கோவில்ல பெரிய பங்களா, காவலுக்கு வேணும்னு வந்தாரு. பயந்த நாய் காவலுக்கு ஆகாதுன்னு எவ்வளவு சொல்லியும் அவருக்கு ஏறல, குரைக்கும்ல, அது போதும்னாரு. பயந்த நாய் குரைக்கும், பால்காரரை பாத்தும் குரைக்கும், வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களை பாத்தும் குரைக்கும், யாருமே இல்லாட்டியும் குரைக்கும், கட்டிப்போட்டு ஓட வழி இல்லாம பண்ணுனா ஒருநாள் பக்கத்துவீட்டு பிள்ளையை கடிக்கும். கடிச்ச பொறவு நாய் கெட்ட நாய்னு பேரு வாங்கி திரும்ப ரோட்டுக்கு போகும். பகல் பூரா சங்கிலியில கட்டி வளக்கிறத நம்ம ஊர்ல யாரும் தப்பாவே நினைக்கிறதில்ல, ஆனா 1960ல வந்த மிருகவதை தடுப்பு சட்டத்துல 11வது பிரிவுல அது தெளிவா இருக்கு, எப்பவும் கட்டியோ அடைச்சோ வளக்கிற நாயை சரியா நடக்க ஓட விடாதது குற்றம், ரொம்ப சின்ன சங்கிலியில நெடுநேரம் கட்டிப்போடுறதும் குற்றம், பட்டினி கிடக்கட்டும்னு கைவிடுறதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய்ங்கிறதுதான் வருத்தமா இருக்கு.

இன்னொரு வகை, பிள்ளைங்க எல்லாம் துபாய், குவைத்னு இருக்கும், அப்பா அம்மா இங்க தனியா இருப்பாங்க, நம்ம மாவட்டத்துல தெருவுக்கு நாலு வீடு அப்படித்தான். அங்க இருந்து போன் பண்ணி அம்மாவுக்கு துணைக்கு ஒரு நாய் வேணும்னு கேக்குறாங்க. மனசு கேக்கல, ஆனாலும் முடியாதுன்னுதான் சொன்னேன். எழுபது வயசுக்காரங்க கையில இந்த நாயோட கயிறை குடுத்தா ஒரு பூனை குறுக்க போனா போதும், ஒரே இழுப்புல இடுப்பெலும்பு போயிடும். அவங்களுக்கு துணை வேணும்ங்கிறது உண்மை, அதுக்கு ஏழெட்டு வயசு ஆன, நடந்தா பின்னாலயே நடக்கிற, சோறு தின்னுட்டு காலடியில கிடக்கிற நாய்ங்க எத்தனையோ இருக்கு, வயசான நாயை யாரும் கேக்காததால அதுங்க காத்துட்டு கிடக்கு. அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு நாயை பாத்து குடுக்க சொல்லியிருக்கேன்.

ரப்பர் தோட்டம் இருக்கு, ஏக்கர் கணக்குல இடம் இருக்கு, ஓடட்டும்னு குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டாரு. கேக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா தோட்டத்துக்கு வேலி கிடையாது, விடியுறதுக்கு முன்னாடி ரப்பர் பால் வெட்டுறவங்க தலையில லைட்டை கட்டிட்டு மரத்துக்கு மரம் போய்ட்டு இருப்பாங்க, இருட்டுல ஆடிட்டு வர்ற வெளிச்சத்தை பாத்தா இது எந்த பக்கம் ஓடும்னு யாரு சொல்ல முடியும். கடற்கரை ஊர்கள்ல நாயை பிள்ளை மாதிரி பாக்கிற குடும்பங்க நிறைய உண்டு, சாளை மீனுக்கும் குறை இருக்காது, ஆனா வீடும் வீடும் ஒட்டி இருக்கும், காம்பவுண்டு இருக்காது, சர்ச் திருவிழான்னா பேண்டு செட்டும் வெடியும் நாள் கணக்குல போகும். இதெல்லாம் அந்த ஊரை குறை சொல்றதுக்கு இல்ல, இந்த நாய்க்கு ஒத்துவராதுங்கிறதுக்கு மட்டும் சொல்றேன். தைரியமான நாய்னா நானே கொண்டுபோய் விட்டுருப்பேன்.

சத்தத்தை பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம மாவட்டத்துல இதுதான் பெரிய விஷயம். தீபாவளி, கிறிஸ்துமஸ், நியூ இயர் மூணுக்கும் இங்க வெடி உண்டு, நடுவுல கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை (கோவில் திருவிழாவைத்தான் இங்க கொடைன்னு சொல்லுவோம்), அது போக ஒவ்வொரு ஊர் கோவில் கொடைக்கும் கதினா வெடியும் சிங்காரி மேளமும். ரெண்டு பருவமழையும் நமக்கு உண்டு, ஐப்பசி இடி இருக்கே, அதுக்கு நமக்கே நெஞ்சு அடிக்கும். மனுசனுக்கு கேக்காத சத்தமும் நாய்க்கு கேக்கும், தூரத்துல வெடிச்சாலும் அதுக்கு பக்கத்துல வெடிச்ச மாதிரிதான். புது வீட்டுக்கு போய் ஆளும் தெரியாம இடமும் தெரியாம முழிச்சிட்டு இருக்கிற நேரத்துல ஒரு கொடை வந்துச்சுன்னா நாய் மதில் சாடி போயிடும், தெரியாத ஊர்ல திரும்பி வர வழியும் அதுக்கு தெரியாது. அதனால நாயை கேக்கிறவங்க கிட்ட உங்க ஊர்ல கொடை எப்போன்னு கேக்கிறது எங்க முதல் கேள்வி ஆயிடுச்சு. சில பேருக்கு கோவம் வருது, சாமி காரியத்தை ஏன் கேக்கிறன்னு. திருவிழா நடக்கட்டும், நல்லா நடக்கட்டும், நாயை அது முடிஞ்ச பொறவு அனுப்புறோம், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடி ஆயிட்டு இருக்கான், தினமும் விடியக்காலம் கிரவுண்டுல ஓடுறான், அவன் கூட ஓடுறதுக்கு செவலையை கேட்டான். செவலைக்கும் அவனை பிடிச்சுது, எனக்கும் குடுத்துடலாம்னுதான் இருந்துச்சு. அவன் வீட்டுக்கு போய் பாத்தா அவன் அம்மாவுக்கு நாய்னா பயம், தங்கச்சிக்கு ஆசை இல்ல. செலக்ட் ஆகி டிரெயினிங் போயிட்டான்னா இந்த நாயை யாரு பாப்பா? சிப்பிப்பாறை ஜாதி ஒரு ஆளோட ஒட்டிக்கிட்டா அந்த ஆளு இல்லாம சாப்பிடாம கிடக்கும். அதனால வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் சம்மதம்னு அவங்க வாயால சொல்லி கேக்காம குடுக்க கூடாதுங்கிறது என் கருத்து, கேக்கிற பையன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் சரி.

2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு நம்ம நாட்டு நாய்களை பேரு சொல்லி வளக்க சொன்னாரு, சந்தோசமா இருந்துச்சு. ஆனா வாங்குறவங்க இந்த இனத்தோட வேலை என்னங்கிறதையும் தெரிஞ்சு வாங்கணும். இதுக்கு தலை சின்னது, கழுத்து தடி, சாதாரண பெல்ட்டை போட்டா பின்னால ரெண்டு அடி வச்சு தலையை உருவிட்டு போயிடும். இழுத்தா இறுகுற, ஆனா கழுத்தை நெரிக்காத பெல்ட் கிடைக்கும், அதோட நெஞ்சுல மாட்டுற பெல்ட்டும் சேத்து ரெண்டு கயிறு போட்டுதான் வெளிய கூட்டிட்டு போகணும், அதுவும் முதல் சில வாரம் கண்டிப்பா. அஞ்சடி மதிலை செவலை சாடுறத நானே பாத்திருக்கேன், அதனால இடுப்பளவு காம்பவுண்டு காம்பவுண்டே இல்ல. முதல் மூணு நாள் பதுங்கி கிடக்கும், மூணு வாரத்துல வீட்டு பழக்கம் பிடிபடும், மூணு மாசத்துல இது நம்ம வீடுன்னு நம்பும்னு நாய் எடுத்து வளக்கிறவங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, பயந்த நாய்க்கு அதைவிட கூடவே ஆகும். அந்த நேரத்துல தடவி தடவி கொஞ்சக்கூடாது, விருந்தாளியை கூப்பிட்டு காட்டக்கூடாது, ஒரு அமைதியான மூலையை குடுத்துட்டு விட்டுடணும்.

சின்ன பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு இந்த மாதிரி நாயை நான் குடுக்க மாட்டேன். பிள்ளைங்க கட்டிப்பிடிக்கும், அது தப்பு இல்ல, பிள்ளைன்னா அப்படித்தான். ஆனா நாய் வாலை காலுக்கு இடையில இறுக்குது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுது, மூக்கை நக்கிட்டே இருக்குது, ஓரக்கண்ணுல வெள்ளை முழி தெரியுதுன்னா விட்டுடுன்னு சொல்லுதுன்னு அர்த்தம், அதை நாலு வயசு பிள்ளை எப்படி படிக்கும். தடுப்பூசி போட்ட நாயே கடிச்சாலும் ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவிட்டு நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போங்க, ஊசி இலவசம், டாக்டர் சொல்ற தேதி ஒண்ணையும் விடாதீங்க. மஞ்சள் வைக்கிறது, சுண்ணாம்பு வைக்கிறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இப்போ பூதப்பாண்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பதி வந்துட்டு இருக்காங்க, எனக்கு நம்பிக்கை வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் அம்பது தாண்டல, பிள்ளைங்க வெளியூர்ல படிக்குது, சுத்தி வயக்காடு, மதில் உயரமா இருக்கு, ஏற்கனவே ஒரு கிழட்டு நாட்டு நாய் வச்சிருக்காங்க, எதுக்கும் அசராத நாய். பயந்த நாய்க்கு நம்மள விட இன்னொரு நிதானமான நாய்தான் நல்ல வாத்தியார், அது பயப்படலைன்னா இதுவும் மெதுவா விட்டுடும். ஞாயித்துக்கிழமை வருவாங்க, திண்ணையில உக்காந்து எங்க கூட பேசிட்டு இருப்பாங்க, செவலையை பாக்கவே மாட்டாங்க, கூப்பிடவும் மாட்டாங்க, கையை கீழ தொங்க விட்டுட்டு இருப்பாங்க. இப்போ அதுவா வந்து அந்த அம்மா கையை மோந்து பாக்குது. இவ்வளவு பொறுமை இருக்கிறவங்க கிட்ட குடுக்கிறதுக்கு எத்தனை மாசம் காத்திருந்தாலும் தகும். அப்படி குடுத்தாலும், ஒத்துவரலைன்னா எப்ப வேணும்னாலும் எங்க கிட்டயே திருப்பி தரணும்னு பேசி வச்சிருக்கோம், திருப்பி தர்றது அவமானம் இல்லன்னும் சொல்லியிருக்கோம்.

கடைசியா ஒரு கோரிக்கை. 2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் சொன்ன உத்தரவுல, தெருநாயை தத்தெடுக்க ஆசைப்படுறவங்க உள்ளாட்சி அமைப்புக்கு மனு குடுக்கலாம், எடுத்த நாய் திரும்ப ரோட்டுக்கு வராம பாத்துக்கிறது அவங்க பொறுப்புன்னு இருக்கு. நல்ல உத்தரவு. அந்த பொறுப்பு நடக்கணும்னா மனு வாங்கும்போதே கேக்கணும், மதில் எவ்வளவு உயரம், பகல்ல வீட்டுல யாரு இருப்பா, சின்ன பிள்ளை உண்டா, கட்டிப்போடுவீங்களா, காலைல யாரு கூட்டிட்டு போவா, வெளியூர் போனா யாரு பாப்பா. நாய் பக்கத்துலயும் எழுதணும், இது பயந்தது, இது துறுதுறு, இது வயசானது, இது பிள்ளைங்களோட சேரும் சேராதுன்னு. நாகர்கோவில் மாநகராட்சியும் மத்த நகராட்சி, பேரூராட்சிகளும் மனு பாரத்துல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறேன். நீங்களும் நாய் தத்து விளம்பரம் போடும்போது போட்டோவோட அதோட குணத்தையும் ரெண்டு வரி சேத்து போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்