சுவான்சௌவுக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியருக்கு,

சீனப் பண்பாட்டை அறிமுகப்படுத்தி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பெருஞ்சுவர், தடைசெய்யப்பட்ட நகரம், சுடுமண் படை என்று வடக்கையே சுற்றிவிட்டு முடிந்துவிட்டது. தென்கிழக்குக் கடலோரம், ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கும் சுவான்சௌ நகரத்தைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று விட்டுவிடலாமா? சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் (10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. அங்குள்ள 22 இடங்களை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது லுவோயாங் பாலம். (ஹெனான் மாகாணத்து லுவோயாங் நகரம் வேறு, பயணம் திட்டமிடுகிறவர்கள் கவனிக்க.) 1053-இல் தொடங்கிய பணியை 1059-இல் முடித்தவர் அந்த ஊர் ஆட்சியாளர் சாய் சியாங். இடமோ கழிமுகம். நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும், அடியில் சேறு. தனித்தனியே கால் நிறுத்தினால் சரிந்துவிடும். ஆகவே பாலம் போகும் வழி நெடுகப் பாறைகளைக் கொட்டி, ஆற்றடியில் அகலமான கல்மேடை அமைத்து, அதன்மேல் கால்களை எழுப்பினார்கள். ஒரு வரிசைக் கல்லை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்காகவும் அடுக்கி, நீரோட்டத்தைக் கிழிக்கும்படி முனையைப் படகின் அணியம்போலக் கூராக்கினார்கள்.

சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குள் அலை அதைக் கரைத்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் வியப்பு: கற்களின்மேல் சிப்பி வளர்த்தார்கள்! பாறையில் ஒட்டிக்கொள்ளச் சிப்பி சுரக்கும் சுண்ணமே கல்லைக் கல்லோடு பிணைத்தது. சுரண்டி எடுத்தால் கட்டு தளரும் என்பதால், பாலத்தருகே சிப்பி எடுக்கத் தடையும் விதித்தார்கள். பல டன் எடையுள்ள உத்திரக் கற்களை மிதவையில் ஏற்றி, நீர் ஏறும்போது கால்களுக்கு மேலே கொண்டுவந்து, வடியும்போது உட்காரவைத்தார்கள். 1932-இல் இதன்மேல் கான்கிரீட் தளம் போடப்பட்டது. 1990-களில் அதை அகற்றிக் கல் உத்திரங்களைத் திரும்ப வைத்தது மிகச் சரியான முடிவு. நீர் வற்றும் நேரம் கேட்டுப் போங்கள், இல்லையேல் கால்களின் அடிப்பகுதி மூழ்கிக் கிடக்கும்.

686-இல் தோன்றிய கையுவான் பௌத்தக் கோயிலும் இதே ஊர்தான். இரட்டைக் கற்கோபுரங்களைப் படமெடுத்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். பெரிய மண்டபத்தின் பின்புறம் போக வேண்டும்: அங்கே இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும், கஜேந்திர மோட்சமும், உரலை இழுத்து மரம் சாய்க்கும் கண்ணனும்! இடிந்துபோன இந்துக் கோயில் ஒன்றிலிருந்து வந்த தூண்கள் இவை.

1956-இல் இவ்வூரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281-இல், வெட்டப்பட்டது. மங்கோலிய அரசரான கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை, அதாவது சிவபெருமானை, எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. அந்தக் கல் கையுவான் கோயிலில் இல்லை. அங்கே தேட வேண்டாம். சுவான்சௌ கடல்சார் அருங்காட்சியகத்தில் இந்துக் கோயில் சிற்பங்கள் பல உள்ளன. அடுத்த இணைப்பில் அவற்றின் படங்களையாவது வெளியிடுங்கள்.

வாசகர்,
நாகப்பட்டினம்