போவிடோனுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர், மாத்திரைகளில் போவிடோன் என்ற பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பிரஷர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போவிடோன் செயற்கைப் பாலிமர்தான், அதாவது சிறு மூலக்கூறுகளைச் சங்கிலிபோலக் கோத்த பொருள்தான், மறுக்கவில்லை. 1930களின் கடைசியில் ஜெர்மனியின் வால்டர் ரெப்பே உருவாக்கியது. ஆனால் கேரி பேக் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. இதுவோ தண்ணீரை விரும்பி இழுத்து அதிலேயே கரைந்துவிடும். மருந்துத் தூள் உதிராமல் பிடிக்கும் பசையாக மாத்திரையில் கொஞ்சம் சேர்க்கிறார்கள். விழுங்கினால் பெரும்பாலும் உடம்பில் சேராமல் குடல் வழியே வெளியே போய்விடும். இதன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் கரையாமல் ஊதும். மாத்திரை வயிற்றில் சீக்கிரம் உடைய அந்த வகை உதவுகிறது.

சரி, சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்து சிராய்ப்போடு வருகிறவர்கள் கேட்டு வாங்கும் பழுப்பு மருந்து எது? அதுவும் போவிடோன்தான், அயோடினோடு சேர்ந்தது. பழைய டிஞ்சர் ஆல்கஹாலில் கரைத்த அயோடின். புண்ணில் பட்டால் உயிர் போகிற எரிச்சல். 1950களில் வந்த இந்தக் கூட்டில் பாலிமர் அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால் எரிச்சல் குறைவு, கிருமியும் சாகிறது. 10 சதவீதக் கரைசலில் வேலை செய்யும் அயோடின் 1 சதவீதம்தான். கண்புரை ஆபரேஷனுக்கு முன் 5 சதவீதக் கரைசலைக் கண்ணிலேயே விடுகிறார்கள். டயாலிசிஸ் வடிகட்டிகள் பலவற்றிலும், இழைகள் நீரோடு ஒத்துப்போவதற்காகப் போவிடோனைக் கலக்கிறார்கள்.

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ரத்தம் இழந்தவர்களுக்கு அயோடின் சேராத போவிடோன் கரைசலை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். நீளமான சங்கிலிகள் சிறுநீரகம் வழியாக வெளியேற முடியாமல் உடம்பிலேயே தங்கின. பின்னாளில் அந்த முறை கைவிடப்பட்டது. அயோடின் கலந்த மருந்தைப் பச்சைக் குழந்தைகளும், தைராய்டு கோளாறு உள்ளவர்களும், பெரிய தீக்காயம் பட்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மிக அரிதாகச் சிலருக்குப் போவிடோனே அலர்ஜி ஆவதுண்டு.

அந்தப் பெரியவரிடம் நேரில் பேசி மாத்திரையை மறுபடி எடுக்க வைத்துவிட்டோம். படித்துப் பயந்த மற்றவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்? டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அடுத்த இதழிலேயே, அந்தக் கடிதம் வந்த அதே பக்கத்தில், தயவுசெய்து வெளியிடுங்கள்.

— மருந்துக்கடை வாசகர், காரைக்குடி