பொட்டலத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி

அன்புள்ள கண்ணு,

வயிறு முறுக்குது, வெளிக்குப் போய் வந்தா கொஞ்சம் அடங்குது, மறுபடி உப்புசம்னு நீ போன்ல சொன்னதுலேர்ந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. டாக்டர் ஐ.பி.எஸ்., அதாவது குடல் சட்டுனு முறுக்கிக்கற கோளாறுன்னு சொல்லிட்டார், நம்ம கடையிலேர்ந்து ஏதாவது அனுப்புங்கப்பான்னு கேட்டே. லாங்கு பஜார்ல இத்தனை வருஷமா நாட்டு மருந்து மடிச்சுக் குடுக்கறேன். உனக்கு மடிக்க மட்டும் கை தயங்குது.

குடியாத்தத்துலேர்ந்து ஒருத்தர் வருவார். மலச்சிக்கல், வயித்துவலின்னு மாசாமாசம் பேதிக்குக் குடுக்கற நிலாவரைப் பொடி வாங்குவார். ரத்தம் போறதை அவர் சொல்லலை, நானும் கேக்கலை. ஒரு வருஷம் கழிச்சு அவர் மகன் வந்து, அப்பாவுக்குக் குடல்ல புத்துநோய்னு சொன்னான். அந்தப் பொடியைக் கட்டிக் குடுத்தது இந்தக் கைதான். அதனால உன்னைக் கேக்கறேன்: மலத்துல ரத்தம் உண்டா? எடை குறையுதா? ராத்திரி வலியோ பேதியோ தூக்கத்துலேர்ந்து எழுப்புதா? ரத்தசோகைன்னு சொன்னாங்களா? ஒண்ணு இருந்தாலும் பொட்டலத்தைப் பிரிக்காதே, திரும்ப டாக்டர்கிட்ட போ.

இதுல ஒண்ணும் இல்லேன்னா இசப்கோல்லேர்ந்து, அதான் தண்ணியில ஊறிக் கொழகொழன்னு ஆகற நார் உமி, அதுலேர்ந்து ஆரம்பி. முதல்ல ஒரு டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணியில கலக்கி உடனே குடிச்சுடு, வெச்சா கூழாயிடும். மெதுவா கூட்டு. கோதுமைத் தவிடு வேண்டாம், வாயு ஏறும்.

முறுக்குக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய். நம்ம மார்க்கெட் கட்டுப் புதினா அது இல்லை. கட்டுப் புதினால மெந்தால்ங்கற குளிர்ச்சிச் சத்து சொற்பம். குடல் தசை சுருங்கணும்னா அதுக்குள்ள கால்சியம் போகணும். மெந்தால் அந்த வழியை அடைக்கும், தசை தளரும். அமெரிக்கக் குடல் மருத்துவர்கள் 2021-ல போட்ட வழிகாட்டியிலயும் இசப்கோல் மாதிரி கரையற நாரும் பெப்பர்மின்டும் இருக்கு. ஆனா இது மெடிக்கல் ஷாப்புல வாங்கற கேப்சூல், குடல்ல போய்க் கரையற மேலுறை போட்டது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி, கடிக்காம முழுங்கு. ஆன்டாசிட், அதான் அசிடிட்டி மருந்து, அதுகூடச் சேர்த்தா மேலுறை வயித்துலயே கரைஞ்சு நெஞ்சு எரியும். நம்ம கடைப் புதினா உப்பு முழுக்க மெந்தால், அதை நாக்குல வைக்கவே வைக்காதே. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறேன்னா, டாக்டரைக் கேட்டுட்டே வாங்கு.

ஓமம் வெச்சிருக்கேன். உள்ளங்கையில கசக்கிப் பார்த்தே எடுத்தேன். மூக்குல சுருக்குன்னு ஏறுதே, அதுதான் தைமால். அரை டீஸ்பூன் வெறும் சட்டியில வறுத்து, ஒரு டம்ளர் தண்ணி விட்டுப் பாதியா வத்தினதும் வெதுவெதுப்பாக் குடி. வாயு கொஞ்சம் இறங்கும். பெப்பர்மின்டுக்கு இருக்கற அளவு ஆராய்ச்சி ஓமத்துக்கு இல்லை, அதையும் தெரிஞ்சுக்கோ. இதுல எதுவும் நோயை வேரோட எடுக்காது, வலியைக் குறைக்கும்.

நிலாவரை வைக்கலை. அது குடலைப் பிழிஞ்சு வெளியே தள்ளற மருந்து. ஏற்கெனவே முறுக்கற வயித்துக்கு ஆகாது.

நாளைக்கே எடை பார்த்து அம்மாகிட்ட சொல்லு. போன வருஷம் பொங்கலுக்கு வந்தப்போ கடைத் தராசுல எழுபத்திரண்டு இருந்தே.

அப்பா