கடை வாடகையும் ராணியின் வருகையும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆடித் தள்ளுபடி முடிந்து, கடையில் இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. நிலமும் பட்டமும்தான் பெரிது என்றிருந்த இங்கிலாந்தில் வியாபாரி எப்படி மேலே வந்தான் என்று போனில் கேட்டாயே, அதைப் பேச ஆரம்பித்தால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

என் கணக்கில், சாமர்த்தியத்தால் மட்டும் அவன் மேலே வரவில்லை. அரண்மனைக்குப் பணம் தேவைப்பட்டது, இவனிடம் பணம் இருந்தது.

லண்டனில் நீ வேலைக்குப் போகும் வழியில், ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகக் கூடத்தின் உச்சியில் ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்திருப்பாய். அது 16ஆம் நூற்றாண்டு லண்டன் வணிகர் தாமஸ் கிரஷாம் குடும்பத்தின் சின்னம். அவர் காலத்தில் வியாபாரிகள் லம்பார்ட் தெருவில் மழையானாலும் நின்றபடிதான் பேரம் பேசினார்கள். அரசுக்குக் கடன் திரட்ட இப்போதைய பெல்ஜியத்தில் இருக்கிற ஆன்ட்வெர்ப்புக்குப் போய் வந்த கிரஷாம், அங்கே இருந்ததைப் போல இந்த வணிகக் கூடத்தை லண்டனிலும் கட்டினார். கீழே முற்றம், மாடியில் கடைகள். மாடிக்கு ஆள் வரவில்லை. 1571 ஜனவரியில் எலிசபெத் ராணி பார்க்க வருகிறார் என்றதும், மனிதர் ஒரே நாளில் இரண்டு முறை மாடியைச் சுற்றி வந்தாராம். சரக்கு அடுக்கி மெழுகுவத்தி ஏற்றி வைத்தால், எத்தனை கடை எடுத்தாலும் அந்த வருஷம் வாடகை கிடையாது என்று இருந்த கொஞ்சம் பேரிடமும் சொல்லியிருக்கிறார். ராணி வந்தார், ராயல் என்ற பெயரும் கிடைத்தது. அப்புறம் வாடகை படிப்படியாக இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! நம் பஜாரில் கட்டடம் வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாதே.

இன்னொரு பக்கம், பெரிய வீடுகளில் நிலம் மூத்த மகனுக்குத்தான் போகும். இளையவர்களில் பலரை லண்டன் வணிகரிடம் தொழில் பழக விட்டார்கள். குறைந்தது 7 வருஷம், அதுவரை கல்யாணமும் கூடாது. நன்றாகச் சம்பாதித்தவன் திரும்பிப் போய் நிலம் வாங்கி ஜமீன்தார் போல உட்கார்ந்தான். சேற்றில் கால் வைக்காமல் பண்ணையார் ஆகிற ஆசை எல்லா ஊரிலும் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. கிழக்கு வியாபாரம் இவர்களுக்கு மட்டும்தான், வேறு ஆங்கிலேயர் யாரும் தலையிடக் கூடாது. ஆரம்பத்தில் பயணத்துக்குப் பயணம் தனிக் கணக்கு. கப்பல் திரும்பி மிளகு விற்றதும் முதலையும் லாபத்தையும் பிரித்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவார்கள். 1657இல்தான் நிலையான பங்கு முதல் வந்தது. அவர்கள் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெரு இடத்தில்தான் இப்போது லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தையின் கட்டடம் நிற்கிறது. சாசனம் வாங்கினவர்கள் எல்லோரும் துணியும் மிளகும் மட்டும் விற்றார்கள் என்று நினைத்துவிடாதே. 1672இல் சாசனம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுபோய் விற்றது. வணிகர் பெருமை பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள்.

சென்னைக்கு 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இடம் பிடித்ததும் துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் பூப்போட்ட பருத்தித் துணி லண்டன் பெண்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பிழைப்பு போன லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் 1719இல் தெருவில் போகிற பெண்களின் உடுப்பைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே பெரும்பாலும் தடைச் சட்டம் வந்தது. கம்பெனியோ வெளிநாட்டுக்கு மறுபடி ஏற்றுமதி செய்து காசு பார்த்தது. ஒரு சட்டம் வாங்கித் தந்த வியாபாரத்தை இன்னொரு சட்டம் குறுக்கியது, அவ்வளவுதான்.

விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அந்தத் துணிகள் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு சனிக்கிழமை போய், அந்தச் சிவப்புச் சாயம் இன்னும் எப்படி நிற்கிறது என்று பார்த்து எழுது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா