பழந்துணியில் பிறந்த ஆண்கள் உடைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய, நைஜீரிய வேர்கள் கொண்ட லண்டன் வடிவமைப்பாளர் பிரியா அலுவாலியா, லாகோஸ் நகருக்குச் சென்றபோது, தெருவில் பொருள் விற்பவர்கள் லண்டன் மாரத்தான் சட்டை போன்ற பிரிட்டனின் பழைய உடைகளை அணிந்திருக்கக் கண்டு, அவை அங்கே எப்படி வந்தன என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் அவரை அரியானாவின் பானிப்பட்டுக்கு அழைத்துச் சென்றது. அங்கே மலைபோல் குவிந்த பழந்துணிகளைப் பெண்கள் தரையில் அமர்ந்து, பொத்தானையும் ஜிப்பையும் நீக்கி, அரிவாள்மனை போல நிறுத்திய கத்தியில் கிழித்து, நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். அதனால் அந்தத் துணிகளிலிருந்து மீண்டும் நூற்கும் நூலுக்குப் பெரும்பாலும் புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. இப்பயணங்கள் தந்த உந்துதலில், பழைய உடைகளையும் தேங்கிய துணிகளையும் வெட்டி இணைத்து ஆண்களுக்கான ஆடைகளை உருவாக்கிய அவர், 2018-இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்.

சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைக் கண்டு வளர்ந்த எனக்கு, மேடையில் மின்னும் உடையைவிட அந்த நிறம் பிரிக்கும் கைகளே பெரிதாகத் தெரிகின்றன. எங்கள் ஊரிலும் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளுக்குப் போகிறது. ஆடை வடிவமைப்புக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை முதலாண்டிலேயே அக்கிடங்குகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்