தாம்பாளத்தில் வைத்து யாரும் கொடுக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹர்மீத் தில்லான் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் ஒரு வரி இரண்டு நாளாக மனதை அறுக்கிறது. “குடியேறிய குடும்பத்து வழக்கறிஞருக்குக் குடியரசுக் கட்சி தாம்பாளத்தில் வைத்துப் பதவி கொடுத்தது.” அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய. ஆனாலும் இந்த வரி அநியாயம்.

சண்டிகரில் 1969-இல் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா போனவர். வளர்ந்தது வட கரோலினா. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1993-இல் சட்டம் முடித்தார். 2006-இல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் சொந்த அலுவலகம் தொடங்கினார். இவ்வளவையும் எழுதிவிட்டு உங்கள் கட்டுரையாளர் நேராக 2025-இல் வந்த நீதித் துறைப் பதவிக்குத் தாவிவிட்டார். இடையில் இருக்கும் பத்தொன்பது வருடம்தானே முழுக் கதையும்?

சான் ஃப்ரான்சிஸ்கோவில் பதிவான வாக்காளர்களில் குடியரசுக் கட்சியினர் பத்துக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். அங்கே அவர் 2008-இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கும், 2012-இல் மேலவைக்கும் நின்றார். இரண்டிலும் படுதோல்வி. தோற்பது தெரிந்தே ஏன் நிற்க வேண்டும்? இதை விளக்கியிருந்தால் கட்டுரைக்கு உயிர் வந்திருக்கும். கலிபோர்னியாவில் கட்சி வேட்பாளராக நிற்பவர் தோற்றாலும் கட்சிக் குழுக்களில் இடம் உண்டு, மாநில மாநாட்டுக்குத் தன் பங்குக்குச் சில பிரதிநிதிகளை நியமிக்கும் உரிமையும் உண்டு. கட்சி பலமாக உள்ள தொகுதியில் அந்த இடத்துக்கு அடிதடி. ஆளில்லாத தொகுதியில் உழைக்கத் துணிந்தவருக்குக் கதவு திறந்திருக்கும். அதற்கும் சும்மா விடமாட்டார்கள். சட்டமன்றச் சம்பளத்தில் ஒரு சதவீதம் கட்டணம், கூடவே தொகுதி வாக்காளர்கள் 40 முதல் 60 பேரின் கையெழுத்து. வீடு மாறிய ஒருவர் பதிவைப் புதுப்பிக்காமல் புது முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்து அடிபடும். சரியாக 40 வாங்கிக்கொண்டு கடைசி நாளில் போகிறவர்கள் சிக்குவது இங்கேதான்.

கவுன்டி (மாவட்ட) கட்சிக் குழு, அதன் தலைமை, 2013-இல் மாநிலக் கட்சியின் துணைத் தலைவர், 2016-இல் தேசியக் குழு உறுப்பினர். இதுதான் அவர் ஏறிய ஏணி. ஒவ்வொரு படியிலும் வாக்குக் கேட்டுத்தான் ஏறினார். தேசியக் குழுவில் 168 பேர். 50 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., ஐந்து ஆட்சிப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூவர். அந்தக் குழுவின் தலைமைக்கு 2023 ஜனவரியில் போட்டியிட்டார். அப்போதைய தலைவர் ரோன்னா மெக்டேனியலுக்கு 111 வாக்கு, தில்லானுக்கு 51. தாம்பாளம் எங்கே போயிற்று அன்றைக்கு? 2024 கட்சி மாநாட்டு மேடையில் தலையில் முக்காடிட்டு அர்தாஸ் என்னும் சீக்கியப் பிரார்த்தனையைச் சொன்னதற்குச் சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே ஏசினார்கள். நீதித் துறையின் குடிமை உரிமைப் பிரிவுக்குத் தலைவராக 2025 ஏப்ரலில் செனட் ஒப்புதல் கிடைத்தபோதும் 52-க்கு 45. ஒரு வாக்கும் இனாமாக வரவில்லை.

இதே கட்டுரையில் “வருங்கால அதிபராகவும் வாய்ப்பு” என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இந்தியப் பெற்றோருக்குச் சண்டிகரில் பிறந்தவர் அமெரிக்க அதிபராக அரசியல் சாசனம் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஏழு ஆண்டு, மேலவையான செனட்டுக்கு ஒன்பது ஆண்டு குடிமகனாக இருந்தால் போதும், அதிபர் பதவிக்கு மட்டும் பிறப்பிலேயே குடிமகனாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்த குடியரசுக் கட்சி அரசியல்வாதி விவேக் ராமசாமியை “குடியேறியவர்” என்று முன்பு எழுதியதும் நீங்கள்தான். அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கேள்வி-பதில் பகுதியில், “கிரீன் கார்டு இருந்தால் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம்” என்று ஒரு வாசகருக்குச் சொன்னீர்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. சான் ஃப்ரான்சிஸ்கோவில் பள்ளிக் குழுத் தேர்தலுக்கு மட்டும், குழந்தை உள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் அந்த உரிமை உண்டு. அதற்குத் தனிப் படிவம், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பதிய வேண்டும். இது தெரியாமல் வழக்கமான வாக்காளர் படிவத்தை நிரப்பி, “நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?” என்ற கட்டத்தில் டிக் அடித்தால் கதை முடிந்தது. ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும் இடத்திலும் அதே கேள்வி வரும், அவசரத்தில் டிக் விழும். ஐந்து வருடம் கழித்துக் கட்டணம் கட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, என்-400 படிவம் நேரடியாகவே கேட்கிறது: எப்போதாவது குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா, வாக்காளராகப் பதிந்ததுண்டா, வாக்களித்ததுண்டா? ஆம் என்றால் நாடு கடத்தும் நடவடிக்கை வரைக்கும் போகும். இல்லை என்று பொய் சொன்னால் அது இன்னொரு குற்றம். இந்தப் படிவங்களோடு தினம் புழங்குகிறவன் சொல்கிறேன், அந்த ஒரு டிக்கை அழிக்க ரப்பர் கிடையாது.

சட்டம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வரும் நம் பிள்ளைகள் உங்கள் இதழை நம்பிப் படிக்கிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர் கட்சிக்கு நன்கொடை தரலாம், வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்யலாம், அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசலாம். மேலே சொன்னது போன்ற உள்ளூர் விதிவிலக்குகள் நீங்கலாக, பதிவும் வாக்கும் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். இதை எழுத உங்களுக்கு நாலு வரி போதும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தாம்பாள வரிக்கும் அதிபர் வரிக்கும் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அந்தக் கேள்வி-பதில் உங்கள் இணையப் பதிப்பில் இன்றும் அப்படியே கிடக்கிறது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா